உள்ளோரம் தேய்ந்த டயர்

அம்பத்தூரில் நான் கடைசியாக வேலை பார்த்து ஓய்வுபெற்ற பட்டறைக்குப் புதிதாக ஒரு மெஷின் வந்திருக்கிறது. சக்கரத்தில் ஒரு பெட்டியை மாட்டுகிறார்கள். அதிலிருந்து ஓர் ஒளிக்கோடு கிளம்பி எதிரே இருக்கிற பலகையில் போய் விழுகிறது. சக்கரம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை அந்தக் கோடே காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஒரு நாள் வேடிக்கை பார்க்கப் போனவன், தினமும் போக ஆரம்பித்துவிட்டேன். "ரிட்டையர் ஆனது நீங்களா, உங்க டிபன் டப்பாவா?" என்று வீட்டில் கேட்கிறாள். டப்பாதான்; நான் இன்னும் ஆகவில்லை.

போன வாரம் முகப்பேர் அடுக்குமாடியிலிருந்து ஒரு பையன் கார் கொண்டுவந்தான். ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தரையோடு தரையாக இறக்கி வைத்திருந்தான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. தினமும் அதில்தான் வேலைக்குப் போய்வருகிறானாம். முன் டயர் இரண்டிலும் உள்ளோரம் மட்டும் வழவழவென்று தேய்ந்து நூல் தெரிந்தது. வெளியோரம் கடையில் வாங்கினபடியே இருந்தது. மெஷினில் ஏற்றுவதற்கு முன்னால், இப்போது அங்கே தலைமை மெக்கானிக்காக இருக்கிற தண்டபாணி, டிரைவர் சீட்டில் ஒரு மணல் மூட்டையைத் தூக்கி வைத்தான்.

"இன்னா சார், என் வண்டியில மணல் அடிக்கிறீங்க?" என்று பையன் சிரித்தான்.

"எங்க சார் பழக்கினது. மூட்டை ஏத்தாம அவரு சக்கரத்தையே தொட மாட்டாரு. ஏன்னு நானும் கேட்டதில்ல. தோ, அவரே உக்காந்துகினு கீறாரு, கேளு."

பையன் கேட்டான். ஏதோ சொல்லி அனுப்பினேன். ஆனால் அந்த 'ஏன்' என்கிற சொல் வீடு வரைக்கும் என் கூடவே வந்தது. என்னிடம் அதை முதன்முதலில் கேட்டவர் ஒரு பெண்மணி. அப்போது வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்தான், பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது, எனக்கு மீசை சரியாக முளைத்திருக்கவில்லை.

நான் மெட்ரிகுலேஷன் தேறினவன். எங்களுடையது முகப்பேரில் உழுது சாப்பிட்ட குடும்பம். படித்த பிள்ளை ஆபீசில் உட்காரவேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. எனக்கோ எங்கேயும் உட்காரவே வராது. பூந்தமல்லி சாலையில் போகிற கார் கண்ணில் படுவதற்கு முன்பே சத்தத்தை வைத்து அது என்ன மாதிரி என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிரோடு, பூந்தமல்லியில் பெரிய சாலையை ஒட்டியிருந்த ரஹீம் மேஸ்திரியின் பட்டறையில் போய் நின்றேன். கொஞ்ச காலம் மண்ணெண்ணெயில் போல்ட்டு கழுவினேன், கொஞ்ச காலம் பஞ்சர் ஒட்டினேன், பிறகு கையில் ஸ்பானரைக் கொடுத்தார்கள். பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான். பட்டறையில் என் பெயர் அழிந்து 'மெட்ரிக்' ஆனது. "டேய் மெட்ரிக், இந்த நட்டு இங்கிலீஷ் பேசுது, இன்னான்னு கேளு" என்பார்கள்.

மேஸ்திரியைப் பற்றிச் சொல்லவேண்டும். நாற்பது வயது இருக்கும். முழங்கை வரை கிரீஸ் இருந்தாலும் சட்டையின் கழுத்துப் பொத்தான் போட்டிருக்கும். வண்டியின் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் அதை விரல் முட்டியால் லேசாகத் தட்டுவார், யாரோ வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல. வாடிக்கையாளர் வந்தால் முதலில் நாற்காலி, அடுத்து சோடா, அதற்குப் பிறகுதான் வண்டி. வந்தவர் பெண் என்றால் மரியாதை இன்னும் ஏறிவிடும். கார் வாசலில் நின்றதும் மேஸ்திரி தொண்டையைச் செருமுவார். உடனே நாங்கள் அத்தனை பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள வேண்டும். அம்மாள் இறங்கி, புளியமரத்தடி நாற்காலியில் உட்கார்ந்த பிறகு இன்னொரு செருமல். அப்போதுதான் திரும்பலாம். ஏறிப் போகும்போதும் அப்படித்தான். கார் வாசலைத் தாண்டும் வரைக்கும் சுவர்தான் எங்களுக்குத் தரிசனம். பெட்ரோல் அளந்து கொடுத்த காலம் என்பதால் வாசலிலிருந்து கொட்டகைக்கு வண்டியை நாங்களே தள்ளிக்கொண்டு போவோம். கொட்டகை நடுவில், வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்க ஒரு குழி வெட்டியிருந்தது.

பெண்களோடு மேஸ்திரி நேரே பேசவும் மாட்டார். எல்லாம் டிரைவர் மூலமாகத்தான்.

சேக்காட்டிலிருந்து டாக்டரம்மாவின் கார் முதல்முறை வந்த அன்று அந்த வழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்தேன். டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். சின்ன வயதில் வந்த வாதத்தில் இடது கால் சூம்பிவிட்டது. தொடையிலிருந்து கீழே இரும்புப் பட்டை, அதில் சேர்ந்த கனமான பூட்ஸ். சேக்காடு, ஆவடி, பூந்தமல்லி என்று தினமும் ஒரு சுற்று போய்ப் பிரசவம் பார்ப்பார். அவருடைய டிரைவர் கோபால், என்னைவிட ஏழெட்டு வயது பெரியவன், வாய் ஓயாதவன்.

"கோபாலு, அம்மாகிட்ட சொல்லு, முன் டயரு உள்பக்கமாத் தேஞ்சிருக்குது," என்றார் மேஸ்திரி, மரத்தைப் பார்த்துக்கொண்டு.

டாக்டரம்மா அவரிடமிருந்து நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தார். "அது எனக்கும் தெரியுது கோபாலு. ஏன்னு கேளு."

"ஏன்னு கேக்குறாங்கோ மேஸ்திரி."

"எனக்குக் காது கீதுப்பா. வண்டியத் தாழ்த்தியிருக்காங்க, அதான்னு சொல்லு."

"தாழ்த்தினா ஏன் உள்பக்கம் தேயணும்னு கேளு."

கோபால் இரண்டு பக்கமும் பார்த்தான். "இன்னாங்கடா இது, என்னை ஃபுட்பாலாக்கிட்டீங்களே," என்று என் பக்கம் முணுமுணுத்தான்.

எனக்கு நாக்கு துடித்தது. எனக்குத் தெரியுமே! அந்தக் கார் அப்போதுதான் வர ஆரம்பித்திருந்த மாதிரி. முன்னால் நீள அச்சு கிடையாது. ஒவ்வொரு சக்கரமும் மேலே ஒரு கை, கீழே ஒரு கை என்று இரண்டு இரும்புக் கைகளில் தனியாகத் தொங்கும்; நடுவில் சுருள் ஸ்பிரிங். படி உயரமாக இருந்ததால் டாக்டரம்மாவால் ஏற முடியவில்லை. பட்டணத்தில் யாரோ சுருளில் ஒரு வளையத்தை வெட்டி, பின் பட்டை ஸ்பிரிங்கில் ஒரு பட்டையைக் கழற்றி, வண்டியை இறக்கிக் கொடுத்துவிட்டார்கள். வண்டி இறங்கினதும் அந்தக் கைகள் சரிந்து, சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்தது. சக்கரங்கள் முன்பக்கம் விரிந்து ஆளுக்கொரு திசையைப் பார்த்தன. இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லிவிடலாம் போலிருந்தது. மேஸ்திரி என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பட்டறையில் வாடிக்கையாளர் எவரும் எப்போது தருவாய் என்று கேட்பார்களே தவிர, ஏன் என்று கேட்டு நான் கேட்டதில்லை.

வேலையை மேஸ்திரி செய்த விதம் இன்னும் என் கையில் இருக்கிறது. முதலில் கண்ணை மூடி டயரின் மேல் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை ஓட்டுவார். ஒரு பக்கம் போகும்போது வழுக்கி, திரும்பும்போது அரம் மாதிரி பிடித்தால் சக்கரம் நேரே உருளாமல் தரையில் தேய்த்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம். பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைச் சுழலவிட்டு, டயர் நடுவில் சுண்ணாம்பு தடவி, ஆணி முனையால் ஒரு கோடு. இரண்டு சக்கரத்திலும் கோடு விழுந்ததும் ஜாக்கியை இறக்குவோம். உடனே அளக்கக் கூடாது. வண்டியை அழுத்தி ஆட்டி, முன்னும் பின்னும் உருட்டி, ஸ்பிரிங் தன் இடத்தில் படிந்த பிறகுதான் அளவு. ஒன்றுக்குள் ஒன்று நழுவும் இரண்டு மரச்சட்டங்கள் எங்கள் அளவுகோல். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையில் முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு? முன்னால் அரை நூல் குறைவாக இருக்கவேண்டும். நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. சாய்வுக்கு, மட்கார்டிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, கயிற்றுக்கும் சக்கரத்துக்கும் மேலும் கீழும் உள்ள இடைவெளியைப் பார்ப்போம்.

அன்று எல்லாவற்றையும் சரிசெய்தோம். தேய்ந்த டயர்களைக் கழற்றி, உள்ளோரம் வெளியே வரும்படி திருப்பி மாட்டினோம். டாக்டரம்மா போனார். நாங்கள் சுவரைப் பார்த்தோம்.

அடுத்த மாதம் கார் மறுபடியும் வந்து நின்றது. இப்போது டயரின் இன்னோர் ஓரமும் தேய ஆரம்பித்திருந்தது. இடது டயரில் இன்னும் அதிகம். அளந்து பார்த்தோம். நாங்கள் வைத்த அளவு மயிரிழை மாறாமல் அப்படியே இருந்தது! மேஸ்திரி மரச்சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரோடு இடது பக்கம் சரிந்திருக்கிறது, அதனால்தான் என்றார். கோபால் பள்ளத்தில் இறக்கி ஓட்டுகிறான் என்றார்.

"நானா? முட்டை ஏத்தின வண்டி மாதிரி ஓட்டறேன் நைனா. எங்கம்மா ஒரு குலுக்கலுக்கு ஒரு திட்டு வெச்சிருக்காங்கோ."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. டயர் தேய்ந்ததற்கு அல்ல, கார் வந்ததற்கு. புளியமரத்தடியிலிருந்து அந்த 'ஏன்' வரும், கோபால் அதை உருட்டிக்கொண்டு வருவான், மேஸ்திரி மரத்துக்குப் பதில் சொல்வார். நான் வண்டிக்குக் கீழே படுத்தபடி முழுப் பதிலையும் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருப்பேன்.

மூன்றாம் முறை வந்தபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போன பிறகு ரப்பர் வருவது நின்றிருந்தது. டாக்டரம்மாவுக்கு பெர்மிட்டில் ஒரு ஜோடி டயர் கிடைத்தது, டாக்டர் என்பதால். இனி சண்டை முடிகிற வரை கேட்காதீர்கள் என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம். அந்த ஜோடியைத்தான் அன்று மாட்டினோம். இதுவும் போனால் கார் செங்கல் மேல் நிற்கவேண்டியதுதான். ஜட்கா வண்டியில் ஏற அவரால் முடியாது.

மேஸ்திரி ரொம்ப நேரம் யோசித்தார். "கோபாலு, அம்மாகிட்ட சொல்லு. ஸ்பிரிங்குக்கு அடியில கட்டை குடுத்து வண்டியப் பழையபடி தூக்கிடறேன். டயரு பொழைச்சுக்கும். ஏறி எறங்க வூட்டாளுங்க ரெண்டு பேரு கை குடுத்தா..."

"வேணாம்னு சொல்லு." டாக்டரம்மாவின் குரல் உயரவில்லை. "பத்து வயசு வரைக்கும் என்னைத் தூக்கிகிட்டுப் போனாங்க. பிரசவ வலியில ஒருத்தி கத்திட்டிருக்கிற வீட்டுக்கு, இன்னொருத்தர் இடுப்புல உக்காந்துகிட்டு நான் போக மாட்டேன். நடந்துதான் போவேன். வண்டி இப்படியேதான் இருக்கணும்."

கோபால் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. தேவையும் இருக்கவில்லை. மேஸ்திரி கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வழக்கம்போல அளவை வைத்துக் கொடுத்தோம்.

அன்று காலையில் மழை பெய்து, வாசல் மண் ஈரமாக இருந்தது. அவர் ஏறும் நேரம், செருமல் கேட்டது, திரும்பினோம். சுவர் அலுத்துப்போய்த் தரையைப் பார்த்தேன். புது டயர் மாட்டினதும், ஸ்பிரிங் படிய நாங்கள் வெறும் வண்டியை வாசல் வரை உருட்டிப் பார்த்த தடம் என் காலடியில் கிடந்தது. டயரின் வரிகள் ஓரம் முதல் ஓரம் வரை ஒரே ஆழத்தில், முத்திரை குத்தினதுபோல. கார் என் முதுகுக்குப் பின்னால் உருண்டு வாசலை நோக்கிப் போனது. அந்தப் பழைய தடத்துக்குப் பக்கத்திலேயே புதுத் தடம் ஒன்று விழுந்தது. அதில் உள்ளோரம் மட்டும் கத்தியால் கீறினதுபோல மண்ணில் இறங்கியிருந்தது. வெளியோரம் பதியவே இல்லை. இடது தடத்தில் இன்னும் மோசம்.

அரை மணிக்கு முன் சரிபார்த்த சக்கரம்! அதற்குள் என்ன ஆயிற்று?

தலையைத் தூக்கினேன். பட்டறை விதியை நான் மீறிய முதல் தடவை அது. கார் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. பின் கண்ணாடி வழியாகப் பின் சீட்டு தெரிந்தது. அதில் யாருமே இல்லை.

"மேஸ்திரி! அம்மா முன்னாடி உக்காந்துகினு போறாங்க!"

"சுவரப் பாருடா பேமானி!"

"பார்த்துட்டேன் மேஸ்திரி. டிரைவர் பக்கத்துல கீறாங்க. நாம அளக்கறது காலி வண்டிய!"

அவர் என் காதைப் பிடிக்க வந்தவர், தரையைப் பார்த்து நின்றுவிட்டார். உட்கார்ந்து இரண்டு தடத்திலும் விரலை வைத்துப் பார்த்தார். சீமாட்டிகள் பின் சீட்டில் உட்காருவார்கள் என்பது எங்களுக்குச் சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி; அதை யாரும் சரிபார்த்ததில்லை. சரிபார்க்கவும் வழியில்லை, நாங்கள்தான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோமே. கோபாலைப் பிறகு கேட்டபோது, "பின்னாடி சீட்டு நோயாளிக்குப்பா. பாதி நாள் ஆசுபத்திரிக்கு யாரையாச்சும் படுக்க வெச்சுக்கினு போவோம். அதுவுமில்லாம அந்தக் காலு மடங்காது, முன்னாடிதான் நீட்ட முடியும். காலண்ட மருந்துப் பொட்டி வேற, இரும்பு. இதைக் கேட்டீங்களா யாராச்சும்?" என்றான். நாங்கள் கேட்டதில்லை. காலியான, தாழ்ந்த வண்டிக்குச் சரியாக இருந்த அளவு, முன்னால் இரண்டு பேரும் இரும்புப் பெட்டியும் ஏறினதும் ஸ்பிரிங் இன்னும் அமுங்கி, தலைகீழாகிக்கொண்டிருந்தது.

"மூட்டை வைப்போம்," என்றார் மேஸ்திரி. மறுநாளே காரை வரச் சொல்லியனுப்பினார். டாக்டரம்மா மரத்தடியில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். "கோபாலு, அம்மா எடை எவ்ளோன்னு... மரியாதையாக் கேளு."

"நானா? நான் புள்ளகுட்டிக்காரன் மேஸ்திரி. நீயே கேளு."

"அரே, நான் எப்படிக் கேக்குறது?"

"நான் மட்டும் எப்படிக் கேக்குறது?"

மரத்தடியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் சிரித்து நாங்கள் கேட்டதில்லை. "மூட்டை எதுக்கு மேஸ்திரி? நானே உக்காந்துக்கறேன்," என்றார். நேரே மேஸ்திரியிடம். "இந்த பூட்ஸும் உள்பக்கம்தான் தேயும். தைக்கிறவர் அதைப் பலகையில வெச்சு வெச்சுப் பார்த்துட்டு, சரியா இருக்குதும்மான்னு சொல்லுவார். ஒரு நாள் என்னைப் போட்டுக்கிட்டு நிக்கச் சொன்னார். அப்புறம்தான் அவருக்குப் புரிஞ்சுது. உங்க வண்டியும் அப்படித்தான்."

மேஸ்திரி முதல்முறையாகத் தானே பதில் சொன்னார், மரத்தைப் பார்த்துதான் என்றாலும். "அம்மா... நீங்க உக்காந்துகினு இருக்கிற எடத்துக்குக் கீழ ஒரு ஆம்பளை நிக்கறது..."

"எனக்குக் கீழே நிக்கலை. காருக்குக் கீழே நிக்கிறார். ஆரம்பிங்க."

வீட்டிலிருந்து கெட்டியான ஜமக்காளம் ஒன்றைக் கொண்டுவந்து காரின் தரையில் மடித்து விரித்தார் மேஸ்திரி. பிறகு மற்ற எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, என்னை மட்டும் குழிக்குள் இறக்கினார். தான் கொட்டகை வாசலில் சாலையைப் பார்த்து, எங்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டார். நான் அளவைச் சொல்ல, அவர் சாலைக்கு உத்தரவு போடுவார். ஏற்பாடு அது.

டாக்டரம்மா ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, யார் உதவியும் இல்லாமல் ஏறினார். இரும்புப் பட்டை படியில் தட்டின சத்தம் கேட்டது. கோபால் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். என் தலைக்கு மேலே கார் மெல்ல இறங்கியது. கண்ணெதிரே அந்த இரும்புக் கைகள் படுத்துக்கொண்டன. சுண்ணாம்புக் கோடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகின. அளந்தேன். முன்பக்கம் இரண்டு நூல் விரிந்திருந்தது.

"தம்பி," என்று மேலேயிருந்து குரல் வந்தது. பெடல்கள் இறங்கும் பலகை இடுக்கு வழியாக, பக்கத்தில் நின்று பேசுவதுபோல. "அங்கே என்ன தெரியுது?"

"அங்க இன்னா தெரியுதுன்னு கேக்குறாங்கோ," என்றான் கோபால்.

"கோபாலு, நீ சும்மா இரு."

அவ்வளவு மாதமாக மனசுக்குள் சொல்லி வைத்திருந்த பதில் அத்தனையும் கொட்டியது. கைகள் எப்படிப் படுக்கின்றன, சக்கரத்தின் தலை ஏன் உள்ளே சாய்கிறது, சக்கரங்களைத் திருப்புகிற குறுக்குக் கம்பி எப்படி இரண்டையும் பிரித்துத் தள்ளுகிறது, இடது பக்கம் ஏன் அதிகம். என்னை நிறுத்தவே இல்லை அவர். நடுநடுவே கேள்வி கேட்டார். அந்தக் கம்பி நீளமா இருந்தா என்ன ஆகும்? மேல் கை கீழ்க் கையைவிடக் குட்டையா வெச்சது ஏன்? நல்ல கேள்விகள். சிலதுக்கு எனக்கே பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னேன். "யோசி, நானும் யோசிக்கிறேன்," என்றார்.

"இன்னாடா சத்தம் அங்க? அளவச் சொல்லு!" என்று சாலையைப் பார்த்து முழங்கினார் மேஸ்திரி.

"ரெண்டு நூல் விரிஞ்சிருக்கு மேஸ்திரி!"

"இத்தனை நாளா இதுல போறேன்," என்றார் டாக்டரம்மா, மெதுவாக. "எத்தனையோ உடம்புக்குள்ளே பார்த்திருக்கேன். இதோட அடியை ஒருதரம்கூடப் பார்த்ததில்லை. அந்தக் குழியில என்னால இறங்க முடியாதே."

குழியைவிட்டு வெளியே தாவினேன். மேஸ்திரி சவரம் பண்ணுகிற கண்ணாடி கொட்டகைத் தூணில் தொங்கியது. அதை எடுத்து, இடது சக்கரத்துக்கு முன்னால் தரையில் சாய்த்து, கல் கொடுத்து நிறுத்தினேன். "கதவைத் திறந்து எட்டிப் பாருங்கம்மா. கோபாலண்ணே, எறங்கி ஏறு."

கோபால் இறங்கினான், ஏறினான். கண்ணாடிக்குள்ளே அந்தக் கைகள் நிமிர்ந்து, மறுபடி படுத்தன. சக்கரம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"ஓ," என்றார் டாக்டரம்மா.

சின்னக் குழந்தை முதன்முதலில் பட்டாசைப் பார்த்துச் சொல்வதுபோல் ஓர் 'ஓ'. அப்புறம், "இன்னொரு தரம்," என்றார். கோபாலைப் பத்து தரமாவது ஏற்றி இறக்கியிருப்போம். "இன்னிக்கு எனக்குத்தான்டா பிரசவ வலி," என்றான் அவன்.

மேல் கை சட்டத்தில் மாட்டும் இடத்தில் தகடு வைத்துச் சக்கரத்தின் தலையை வெளியே தள்ளினேன். அதற்காக அவர் இறங்கவேண்டியிருந்தது. இறங்கினார், மறுபடி ஏறினார். குறுக்குக் கம்பியைத் திருகி, அவர் உட்கார்ந்திருக்கும்போதே முன்பக்கம் அரை நூல் குறைவாகக் கொண்டுவந்தேன். மேஸ்திரி ஒரே ஒரு முறை திரும்பி, அளவுச் சட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு மறுபடி சாலைக்குத் திரும்பிக்கொண்டார்.

போகும்போது டாக்டரம்மா, "தேய்ஞ்சுதுன்னா வரேன் தம்பி. மேல் கை குட்டை ஏன்னு யோசிச்சு வை," என்றார். நான் தலையாட்டினேன். செருமல் கேட்டது. சுவரைப் பார்த்து நின்றபோதுதான் அந்தச் சொல் எனக்கு உறைத்தது. தேய்ந்தால்தான் வருவார்.

மேல் கை ஏன் குட்டை என்று கண்டுபிடித்தேன். குச்சியும் ஆணியும் வைத்து ஒரு மாதிரி செய்து, சக்கரம் ஏறி இறங்கும்போது அது எப்படி டயரைத் தரையில் நேராகப் பிடிக்கப் பார்க்கிறது என்று நானே பார்த்துக்கொண்டேன். அந்தக் குச்சிப் பொம்மையைக் கொட்டகை மூலையில் ஒரு சாக்குக்கடியில் வைத்திருந்தேன், காட்டுவதற்காக. அடுத்த மாதம் கார் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. சாலையில் அந்த இன்ஜின் சத்தம் கேட்கும்போதெல்லாம் கையில் இருக்கிற வேலை நின்றுபோகும். சத்தம் குறையாமல், கியர் மாறாமல் அப்படியே தாண்டிப் போய்விடும்.

"இன்னாடா, அந்த வண்டிதானா?" என்று ஒரு நாள் கேட்டார் மேஸ்திரி. கீழே வைத்த ஸ்பானரை மறுபடி கையில் எடுத்தேன். "சரியாச் செஞ்சுட்டே. அதனால வரலை. அதுக்குன்னு தப்பாச் செய்ய முடியுமா?" என்று சொல்லிவிட்டு, எனக்கு ஒரு சோடா வாங்கிக்கொடுத்தார். வாடிக்கையாளருக்குத் தவிர வேறு யாருக்கும் அவர் சோடா வாங்கித் தந்ததில்லை.

இத்தனை வருஷ வேலையில் ஆயிரக்கணக்கான சக்கரங்களைச் சரிசெய்திருக்கிறேன். எந்த வண்டிக்கும் மூட்டை ஏற்றாமல் அளந்ததில்லை, ஆள் இருந்தால் ஆளையே உட்கார வைப்பேன். வண்டிக்குக் கீழே நிற்கும்போது மேலேயிருந்து ஏதாவது குரல் வருமா என்று காது தானாகப் போகும். எப்ப முடியும், எவ்வளவு ஆகும் என்றுதான் வரும்.

டாக்டரம்மாவை நான் கடைசியாகப் பார்த்தது, அந்த வேலை முடிந்ததற்கு அடுத்த மழைக்காலத்தில். பட்டறை வாசலில் சாலை ஓரமெல்லாம் ஈரம். எதிரே பட்டாளத்து லாரி ஒன்று வந்ததால் கோபால் வண்டியைச் சாலையைவிட்டு எங்கள் வாசல் மண்ணில் இறக்கி ஒதுங்கினான். ஒரு நிமிஷம் நிற்கப்போகிறது என்று நினைத்தேன். மேஸ்திரி செருமினார், எல்லோரும் திரும்பினார்கள். நான் திரும்பவில்லை.

லாரி போயிற்று. கார் நிற்காமல் நகர்ந்தது. முன் சீட்டில் டாக்டரம்மா கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, மழையில் முகம் நனையக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னை அல்ல. உருளுகிற முன் சக்கரத்தை.

"ஓரம் எப்படி கீது?" என்று கேட்டார் மேஸ்திரி, சுவரைப் பார்த்தபடியே.

உட்கார்ந்து பார்த்தேன். ஈர மண்ணில் இரண்டு தடமும் ஓரம் முதல் ஓரம் வரை வரி வரியாக, ஒரே ஆழத்தில் பதிந்து, சாலையில் ஏறி, ஆவடிப் பக்கம் போயிருந்தன.

"நல்லா கீது மேஸ்திரி," என்றேன்.

மழை பிடித்துக்கொண்டது. தடத்தில் தண்ணீர் நிறைந்து வரிகள் மறைகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே வா என்று அன்றைக்கு அவர் கூப்பிடவில்லை.